வாகனத்தினுள் மழைநீர் ஒழுகுகிறதா? காரணத்தைக் கண்டு நாமே திருத்துவோம்



மாரி தொடங்க முன்னர் கிடுகு மாற்றுவதும், தறப்பாளை இழுத்துக் கட்டுவதும், வாய்க்காலைத் துப்புரவு செய்வதும் எமது வழக்கம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் செய்கின்ற இந்த ஆயத்தத்தை வாகனத்துக்கு நாம் செய்வதில்லை. முதல் மழை பெய்து, கால்மிதியைத் தூக்கிப் பார்க்கும் போதுதான் உள்ளே நீர் நிற்பது தெரிகிறது.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் பழைய கார் அல்லது வான் ஒரு சொகுசுப் பொருள் அல்ல. சந்தைக்கு வெங்காயமும் மிளகாயும் போவது அதில்தான். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். உறவினர் வளவில் ஓர் அறைக்குள் ஒடுங்கியிருக்கும் குடும்பத்துக்கு அதுவே களஞ்சிய அறையாகவும் இருக்கிறது. விதை மூடை, பசளை, பிள்ளைகளின் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் அதற்குள் வைக்கப்படுகின்றன. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவர்களுக்கு, நனைந்த உறுதி என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

உள்ளே வரும் நீர் மூன்று விதத்தில் கெடுக்கிறது. முதலாவது, பொருளைக் கெடுக்கும். விதை நெல்லின் ஈரப்பதன் 13 வீதத்துக்கு மேற்பட்டால் அது நீண்டநாள் இருக்காது, முளைதிறன் குறையும். விதை வெங்காயம் அழுகும். யூரியா கரைந்து கட்டியாகும். இரண்டாவது, தகரத்தைக் கெடுக்கும். விரிப்பின் அடியில் நிற்கும் நீர் தளத்தை உள்ளிருந்து கறள் பிடிக்கச் செய்யும். சீற் பொருத்திய இடமே ஒருநாள் விட்டுப்போகும். மூன்றாவது, மின்சார வயரைக் கெடுக்கும். பியூஸ் பெட்டிக்குள் நீர் போனால் இரவில் நடுவழியில் விளக்கு அணைந்து போகலாம்.

ஆனால் பெரும்பாலான ஒழுக்குகளைக் கண்டுபிடிக்க ஒரு வாளி நீர், ஒரு ரோச் லைட், இரண்டு பேர், கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும். திருத்தச் செலவும் பெரிதல்ல. காரணத்தைக் காணாமல் கண்ட கண்ட இடமெல்லாம் பசை பூசுவதுதான் பணத்தை வீணாக்குகிறது.

1. முதலில், இது எந்த நீர்?

உள்ளே ஈரமாக இருப்பதெல்லாம் மழைநீர் என்று எண்ணக்கூடாது. விரலால் தொட்டு, வெள்ளைத் துணியில் ஒற்றி, மணந்து பார்க்கவும். வாயில் வைத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டாம்.

மழை பெய்த பின்னர், அல்லது வாகனத்தைக் கழுவிய பின்னர் மட்டும் ஈரம் கண்டால் அது வெளிநீர். சில வேளை மண்ணும் சருகுத் தூளும் கலந்திருக்கும்.

வெயில் நாளில், ஏசி போட்டு ஓடிய பின்னர் முன் இடது பக்கத் தளம் நனைந்திருந்தால் அது ஏசியின் நீர். ஏசி உள்ளே குளிரும் போது காற்றிலுள்ள ஈரம் நீராகி, ஒரு சிறு குழாய் வழியே வாகனத்தின் அடியில் சொட்ட வேண்டும். அக்குழாய் தூசியால் அடைத்தால் நீர் உள்ளே வழியும். ஏசி ஓடும் போது வாகனத்தின் கீழே நிலம் காய்ந்தும், உள்ளே தளம் நனைந்தும் இருந்தால் ஐயமில்லை. பின்புறத்துக்கும் ஏசி பூட்டிய வான்களில் கூரைப் பக்கத்திலிருந்தும் இவ்வாறு சொட்டும். அதைக் கூரை ஓட்டை என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு.

நீர் பச்சை அல்லது சிவப்பு நிறமாக, பிசுபிசுப்பாக, இனிப்பு மணத்துடன் இருந்தால் அது ரேடியேற்றர் நீர். முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் போலப் படிவதும், ரேடியேற்றரில் நீர் குறைந்து வருவதும் இதன் அடையாளங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வாகனங்களில் குளிர்காலத்துக்கென ஒரு சூடேற்றி உண்டு. அதன் உள்ளுறுப்பு ஓட்டையானால் இவ்வாறு வரும். இத்திரவம் நஞ்சு. பிள்ளைகளும் நாய்களும் தொடாதபடி துடைத்து அகற்றவும்.

சாரதியின் கால் மிதிகளுக்கு அருகில் வழுக்கும் திரவம் இருந்து, அது பெயின்றையும் உரித்தால் அது பிரேக் ஒயில் அல்லது கிளச் ஒயில். அப்படியாயின் வாகனத்தை எடுக்கவே கூடாது. மெக்கானிக்கை அவ்விடத்துக்கே அழைக்கவும்.

2. நனைந்த இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

நீர் எப்போதும் கீழ்நோக்கிப் போகும். ஆனால் நேராகப் போகாது. தகரத்தின் ஓரத்தையும், வயரையும், மடிப்பையும் பற்றிக்கொண்டு தூரம் போய், வசதியான இடத்தில் சொட்டும். சரிவில் நிறுத்தினால் முன்னே நுழைந்த நீர் பின்னே தேங்கும். கிடுகு வீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும்: சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பதில்லை.

எமது அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். எம்மிடமிருந்த பழைய வானில் மழைக்குப் பின்னர் முன் இடது தளம் நனைந்தது. முன்கண்ணாடிதான் காரணம் என்று முடிவுகட்டி, சுற்றிவரப் பசை பூசினோம். அடுத்த மழைக்கும் நனைந்தது. மேலும் பூசினோம். மூன்றாம் மழையில், சீற்றின் பின்னால் வைத்த ஒரு மூடை விதை வெங்காயத்தின் அடிப்பகுதி அழுகிப் போயிற்று. அதன் பின்னரே விரிப்பைக் கழற்றி, ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் வெளியே நீர் ஊற்றிப் பார்த்தோம். நீர் வந்தது கண்ணாடியால் அல்ல, கதவால். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கராச்சில் கதவுக் கண்ணாடியைத் திருத்திய போது உள்ளிருந்த பொலித்தீன் தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் ஒட்டாமல் விட்டிருந்தார்கள். நாமும் கேட்கவில்லை. ஒரு முழத் தாள் இல்லாமையால் நட்ட இருந்த விதை போயிற்று. பார்த்த பின்னர் பூச வேண்டும். பூசிய பின்னர் பார்ப்பதல்ல என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

3. பரிசோதனை செய்யும் முறை

வெயில் உள்ள காலை வேளையைத் தெரிவு செய்யவும்.

(அ) கால்மிதி, விரிப்பு, அதன் அடியிலுள்ள மெத்தைத் துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காயவிடவும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடித்துணி பல லீற்றர் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். தளத்தைத் துடைத்து முற்றாக உலர்த்தவும்.

(ஆ) ஐயமான இடங்களின் உட்புறத்தில் முகப்பவுடர் அல்லது கோதுமை மாவை மெல்லத் தூவவும். நீர் ஓடினால் அதில் கோடு விழும்; கோட்டைப் பிடித்து மேலே போனால் வாசல் தெரியும்.

(இ) ஒருவர் ரோச் லைட்டுடன் உள்ளே இருக்கவும். மற்றவர் வெளியே நின்று குழாயால், அல்லது சிறு பாத்திரத்தால் மெதுவாக நீர் ஊற்றவும். வேகமாகப் பீச்சி அடிக்க வேண்டாம். மழை அவ்வாறு பெய்வதில்லை. நல்ல றப்பருக்குள்ளும் அது நீரைத் தள்ளும்.

(ஈ) கீழிருந்து மேலே போகவும். முதலில் கதவின் கீழ்ப்பகுதி, பின்னர் கதவுக் கண்ணாடி, முன்கண்ணாடி, கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் 5 நிமிடமாவது ஊற்றவும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது வாசல் என்று சொல்ல முடியாது போகும்.

(உ) நீர் வந்த இடத்தைச் சோக்கினால் குறித்துவிட்டு, மிகுதி இடங்களையும் பார்க்கவும். பழைய வாகனத்தில் ஒரே ஓர் ஓட்டை இருப்பது அரிது.

நீர் இல்லாமலும் இரண்டு சோதனைகள் செய்யலாம். ஒரு கீலக் கடதாசியைக் கதவு றப்பரின் மேல் வைத்துக் கதவை மூடி, இழுத்துப் பார்க்கவும். இறுக்கமாக வந்தால் றப்பர் சரி. தடையின்றி வந்தால் அவ்விடத்தில் இடைவெளி உண்டு. அடுத்தது, இரவில் உள்ளே ரோச் லைட்டைப் பிடிக்க, வெளியே நிற்பவர் ஒளிக்கீற்று எங்கே தெரிகிறது என்று பார்க்கலாம்.

4. வழக்கமான இடங்களும் திருத்தமும்

முன்கண்ணாடியின் கீழுள்ள பள்ளம்: பொனற்றுக்கும் கண்ணாடிக்கும் இடையில், வைப்பர் பூட்டிய இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. கண்ணாடியில் வழியும் நீர் அதில் விழுந்து, ஓரத்திலுள்ள துவாரங்களால் கீழே போகும். வேம்பின் கீழும் புளியின் கீழும் நிறுத்தும் வாகனங்களில் சருகு இத்துவாரங்களை அடைத்துவிடும். நீர் தொட்டி போல நிறைந்து, காற்று உள்ளே போகும் வழியால் உட்புகும். சருகைக் கையால் அள்ளி, துவாரத்தை மெல்லிய கம்பியாலோ ஈர்க்காலோ குத்தி, நீர் ஊற்றிப் பார்க்கவும். ஒரு சதமும் செலவில்லாத திருத்தம் இதுவே. ஆகவே முதலில் இதைச் செய்யவும்.

கதவு: கதவுக் கண்ணாடி இறங்கும் பிளவால் நீர் கதவுக்குள் போவது இயல்பு. அது கதவின் அடியிலுள்ள சிறு துவாரங்களால் வெளியேற வேண்டும். கதவை ஆட்டும் போது உள்ளே நீர் குலுங்கும் சத்தம் கேட்டால் துவாரங்கள் மண்ணால் அடைபட்டுள்ளன. ஈர்க்கால் குத்தித் திறக்கவும். அடுத்து, கதவின் உட்பலகையைக் கழற்றிப் பொலித்தீன் தாளைப் பார்க்கவும். அது கிழிந்திருந்தால் தடித்த பொலித்தீனை அளவாக வெட்டி, ஓரங்களைச் சுற்றி ஒட்டும் பட்டியால் ஒட்டவும். பசளைப் பையின் உட்தாளையும் நன்கு கழுவி உலர்த்திப் பாவிக்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: தாளின் கீழ் ஓரம் கதவின் உட்பக்கமாக, தகரத்துக்குள் செருகப்பட வேண்டும். அப்போதுதான் தாளில் வழியும் நீர் கதவுக்குள்ளேயே விழும். வெளியே விட்டால் தளத்தில் விழும்.

கதவு றப்பர்: றப்பர் நசிந்து போயிருந்தாலும், கதவு தொங்கியிருந்தாலும் இடைவெளி உண்டாகும். முதலில் கதவைச் சற்றுத் தூக்கிப் பார்த்து, பிணைச்சல் தேய்ந்துள்ளதா என அறியவும். பிணைச்சல் பிழையானால் புது றப்பர் போட்டும் பயனில்லை. றப்பருக்குக் கிறீசோ மண்ணெண்ணெயோ பூச வேண்டாம். அது ஊதிப் பிய்ந்துவிடும். சவர்க்கார நீரால் கழுவினால் போதும்.

முன்கண்ணாடி: மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற பழைய கார்களில் கண்ணாடி றப்பர்ச் சட்டத்தினுள் இருக்கும். வெயிலில் றப்பர் காய்ந்து வெடிக்கும். மூலைகளில் இடைவெளி விழும். றப்பரின் உதட்டை மரக்குச்சியால் மெதுவாக உயர்த்தி, உள்ளேயுள்ள மண்ணைத் துடைத்து, முற்றாக உலர்ந்த பின்னர் கண்ணாடிக்குரிய கறுப்புப் பசையை அடியில் செலுத்தவும். ஒருமுறை கண்ணாடிக்கும் றப்பருக்கும் இடையில், ஒருமுறை றப்பருக்கும் தகரத்துக்கும் இடையில் எனச் செலுத்த வேண்டும். பிந்திய கால வாகனங்களில் கண்ணாடி நேரே தகரத்தில் ஒட்டப்பட்டுள்ளது. அது விட்டிருந்தால் கண்ணாடி வேலை தெரிந்தவரே கழற்றி ஒட்ட வேண்டும். கண்ணாடியின் பிடிப்பில்தான் பயணிகளின் பாதுகாப்பும் இருக்கிறது.

கூரை: கூரையின் இரு பக்கமும் ஓடும் பீலியின் பொருத்தில் உள்ள பழைய பட்டி வெடித்திருக்கும். பழைய பட்டியைச் சுரண்டி எடுத்து, கறளை நீக்கி, பெயின்ற் பூசி, அதன் மேல் புதுப் பசை இடவும். மூடை ஏற்றுவதற்காகக் கூரையில் துளையிட்டுக் கரியர் பூட்டியிருந்தால், ஒவ்வொரு போல்ற்றையும் கழற்றி, றப்பர் வளையமும் பசையும் வைத்து மீண்டும் இறுக்கவும். ஏரியல் கம்பியின் துளையையும் பார்க்கவும்.

தளம்: தளத்தில் தொழிற்சாலையில் இட்ட துவாரங்களும், அவற்றை மூடும் றப்பர் மூடிகளும் உண்டு. மூடி விழுந்திருந்தால் வெள்ளம் நின்ற றோட்டில் ஓடும் போது சில்லு அடிக்கும் நீர் உள்ளே வரும். பொருத்தமான மூடி கிடைக்காவிடில் தடித்த ரியூப் துண்டு வெட்டிப் பசையுடன் ஒட்டலாம். கிளச், வயர் ஆகியவை தகரத்தைத் துளைத்து வரும் இடங்களிலுள்ள றப்பர் வளையங்களையும் பார்க்கவும்.

பின்புறம்: டிக்கியில் நீர் நின்றால் முதலில் பின் விளக்குகளைக் கழற்றி, அவற்றின் பின்னாலுள்ள றப்பரைப் பார்க்கவும். மேலதிக சில்லு வைக்கும் குழியை எவரும் பார்ப்பதில்லை. அங்கே நீர் பல மாதம் நிற்கும்.

ஏசி குழாய்: வாகனத்தின் அடியில் குழாய் முனையைத் தேடி, மெல்லிய வளையும் வயரை மெதுவாகச் செலுத்தி அடைப்பை எடுக்கவும். கூரிய கம்பியைத் தள்ள வேண்டாம்.

5. உலர்த்துதலும் கறளும்

ஒழுக்கை அடைத்த அன்றே விரிப்பைப் போட வேண்டாம். இரண்டு மூன்று நாள் வெயிலில் கதவுகளைத் திறந்துவிட்டு, தளம் முற்றாக உலர்ந்த பின்னர் கறளைப் பார்க்கவும்.

மேற்கறள் மட்டுமாயின் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, தூசியைத் துடைத்து, கறள் தடுக்கும் முதற்பூச்சும் அதன் மேல் பெயின்றும் பூசவும். திருப்புளியால் மெல்லக் குத்தும் போது தகரம் உள்ளே போனால், அவ்விடத்தை வெட்டிப் புதுத் தகரம் வைத்து ஒட்ட வேண்டும். சீற், பட்டி, சில்லு தாங்கும் பகுதிகள் ஆகியவற்றுக்கு அருகிலாயின் தேர்ந்த ஒட்டு வேலைகாரரிடமே கொடுக்கவும். ஒட்ட முன்னர் பற்றரி வயரைக் கழற்றவும். எரிபொருள் குழாயும் தாங்கியும் எங்கே என்று அவருக்குக் காட்டவும்.

6. செய்யக்கூடாதவை

நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசப்பட்டதாக விவிலியத்தில் வாசிக்கிறோம். வாகனத்துக்கு வெளிப்புறத்தை அடைப்பதே முறை. உட்புறத்தை மட்டும் அடைத்தால் நீர் தகர மடிப்பினுள் நின்று, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும்.

ஈரத்தின் மேலும் கறளின் மேலும் தார் பூச வேண்டாம். அது கறளை மூடி மறைக்கும், நிறுத்தாது.

வினாகிரி மணமுள்ள சிலிக்கனை வெறும் தகரத்தில் இட வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் கறளை உண்டாக்கும்.

நீர் வெளியேறுவதற்கென உள்ள துவாரங்களை ஓட்டை என்று எண்ணி அடைக்க வேண்டாம். தளத்தில் புதிதாகத் துளையிட்டு நீரை வடியவிடவும் வேண்டாம்.

சீற்றின் அடியில் மஞ்சள் நிற வயர்ப் பொருத்து இருந்தால் தொட வேண்டாம். அது பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியது.

7. மழைக்கு முன் திருத்த முடியாவிட்டால்

கையில் பணமில்லாத காலமும் உண்டு. அப்போது சருகை அகற்றி, துவாரங்களைத் திறந்துவிட்டு, வாகனத்தின் மூக்கைச் சற்று உயர்த்தி நிறுத்தலாமா, தாழ்த்தி நிறுத்தலாமா என்று நீர் ஊற்றிப் பார்த்துத் தீர்மானிக்கவும். தறப்பாள் கட்டுவதாயின் மழை விட்டதும் எடுத்துக் காற்றோட்டம் கொடுக்கவும். நாட்கணக்கில் மூடிவைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மூடைகளைத் தளத்தில் வைக்காமல், இரண்டு மரச்சட்டங்களின் மேல் வைக்கவும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை இரட்டைப் பொலித்தீனில் சுற்றி, சீற்றின் மட்டத்துக்கு மேலே வைக்கவும். முடிந்தால் அவற்றை வாகனத்தில் வைக்காமல் இருப்பதே நன்று.

ஒரு பின்னேரம் அயலவர் இருவர் சேர்ந்தால் ஒரு வாகனம் பார்த்து முடிக்கலாம். இன்று உங்கள் வாகனம், நாளை அவர்களது வாகனம். பரிசோதனைக்கே இரண்டு பேர் தேவைப்படுவதால், இது தனியே செய்யும் வேலையல்ல. அடுத்த மாரிக்கு முன்னர் உங்கள் கிராமக் குழு ஒரு நாளை இதற்கென ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. வெயில் நாளில் வானின் தளம் நனைந்துள்ளது. மழை பெய்து ஒரு கிழமை ஆகிறது. நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

2. நீர் ஊற்றிப் பரிசோதிக்கும் போது கூரையிலிருந்து ஏன் தொடங்கக்கூடாது?

3. கதவின் பொலித்தீன் தாளின் கீழ் ஓரம் எங்கே இருக்க வேண்டும்? பழைய கதவு ஒன்றைக் கழற்றிக் காட்டுக.

4. உங்கள் குழுவிலுள்ள வாகனங்களில் சருகு அடைத்த துவாரங்கள் எத்தனை? இன்றே எண்ணிப் பார்த்து, திறந்துவிட்டு வீடு செல்க.